வலிக்காத இடத்தில் குத்தாதீர்கள்

இந்தியாவில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்ற கணக்கு 2023 ஜூனில் வெளியானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து 2008 முதல் 2020 வரை மாநிலம் மாநிலமாகப் போய், 1,13,043 பேரைச் சோதித்து எடுத்த கணக்கு அது. இருபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நோய் இருந்தது. தலைக் கணக்கில் சொன்னால் 10 கோடிக்கும் மேல். பட்டியலில் முதலிடம் கோவாவுக்கு, 26.4 விழுக்காடு. மயிரிழை வித்தியாசத்தில் அடுத்து நின்றது புதுச்சேரி, 26.3. தமிழ்நாட்டின் அளவு 14.4.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டுதான் காரைக்கால். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர். வடக்கே பூவம் தாண்டினால் பொறையாறு. 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேர். காவிரியின் கடைமடை, மூன்று வேளையும் அரிசிதான். நெல்லும் மீனும் விளையும் இந்தச் சின்ன நிலத்தில் 'சுகர்' என்பது நோயின் பெயர் என்பதைவிட குடும்பத்தில் ஒரு ஆள் என்றே ஆகிவிட்டது. மாத்திரை போடுவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இனிமே இன்சுலின் ஆரம்பிச்சிடலாமா?" என்று கேட்டால் முகம் மாறிவிடுகிறது.

"அப்ப முடிஞ்சு போச்சா டாக்டர்?"

இந்தக் கேள்வியில் இரண்டு பயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்ற நினைப்பு. இன்னொன்று, தினம் தன் கையாலேயே தன் உடம்பில் குத்திக்கொள்ள வேண்டுமே என்ற கூச்சம். இரண்டும் போகக்கூடியவை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே போய்விடுகின்றன. பயம் போன பிறகு வரும் பழக்கத்தைப் பற்றித்தான் யாரும் எச்சரிப்பதில்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவர் பயந்து கெடுவதைவிடப் பழகிக் கெடுவது அதிகம்.

மாத்திரையாக ஏன் தர முடியவில்லை?

கணையத்தில் பீட்டா செல்கள் என்று ஒரு வகை உண்டு. இன்சுலினைச் சுரப்பவை அவையே. பிரிட்டனில் 1977-ல் தொடங்கி 1998-ல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. நோய் இருப்பது தெரியவந்த நாளிலேயே பீட்டா செல்களின் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. உணவுக் கட்டுப்பாடோ, எந்த மாத்திரையோ, எதைக் கொடுத்தாலும் அந்தத் தேய்மானம் ஆண்டுதோறும் தொடர்ந்தது. அதனால் பத்து, பதினைந்து வருடம் கழித்து ஒருவருக்கு இன்சுலின் தேவைப்பட்டால், அவர் வாயைக் கட்டவில்லை என்று அர்த்தமில்லை. உடம்பு தயாரிக்காததை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். சிலருக்கு நோய் தொடங்கும்போதே சில மாதம் இன்சுலின் கொடுத்து, பிறகு நிறுத்துவதும் உண்டு. அறுவைச் சிகிச்சையின்போதும் கர்ப்பக் காலத்திலும் கொடுப்பார்கள். கடைசிக் கட்டம் என்ற கணக்கு எங்கும் பொருந்துவதில்லை.

சரி, அதை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாகக் கோத்தது. கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் சாங்கர் 1955-ல் அந்த வரிசையை முழுதாகப் படித்தார். புரதத்தை விழுங்கினால் வயிறு சும்மா விடாது. சாப்பிட்ட மீனை எந்த நொதிகள் உடைக்கின்றனவோ அவையே இதையும் உடைத்துப்போடும். ரத்தத்துக்குப் போய்ச் சேரும்போது அது இன்சுலினாக இருக்காது. எனவே வயிற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நூறு ஆண்டுகளாக அதற்கு நம்பகமான வழி தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புதான்.

அந்த வழி திறந்தது 1922 ஜனவரியில், கனடாவின் டொரன்டோவில். ஃபிரெடெரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாயின் கணையத்தில் தொடங்கிய வேலை, பேராசிரியர் மக்லியோட்டின் ஆய்வகத்தில் மாட்டுக் கணையச் சாறாக வளர்ந்திருந்தது. லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு ஜனவரி 11 அன்று முதல் ஊசி. சாறு சுத்தமாக இல்லை. குத்திய இடம் சீழ்க்கட்டியானது, சர்க்கரையும் அதிகம் இறங்கவில்லை. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் பன்னிரண்டே நாளில் அதைச் சுத்திகரித்தார். ஜனவரி 23 அன்று மறுபடி போட்டபோது பையனின் ரத்தச் சர்க்கரை ஒரு நாளுக்குள் 520-லிருந்து 120-க்கு இறங்கியது. சாகக் கிடந்தவன் இன்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பாண்டிங்கிடம் வந்தவள் எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். வயது பதினைந்து ஆகப் போகிறது, எடை இருபது கிலோ. அன்றைய ஊசி கண்ணாடிக் குழாயும் தடித்த எஃகு முனையும். ஒவ்வொரு முறையும் கொதிக்க வைக்க வேண்டும், முனை மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்ள வேண்டும். மருந்து வீரியம் குறைவு என்பதால் நிறைய திரவம் ஏற்ற வேண்டியிருந்தது. அவள் அதற்கும் பழகினாள். கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1981-ல் தன் எழுபதுகளில் இறந்தாள். அதற்குள் அவள் உடம்பில் ஏறிய ஊசிகள் சுமார் 42,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கடற்கரைக்காரர்களுக்குப் பிடிக்கும் இன்னொரு செய்தி. 1922 கோடையில் மக்லியோட் கனடாவின் கிழக்குக் கடற்கரைக்குப் போய் மீன்களை அறுத்துப் பார்த்தார். எலும்புள்ள மீன்கள் பலவற்றில் இன்சுலின் சுரக்கும் திசு, செரிமான நீர் சுரக்கும் திசுவோடு கலக்காமல் தனிச் சிறு முடிச்சாக இருக்கும். இன்சுலின் அந்த முடிச்சிலிருந்துதான் வருகிறது என்று அவர் காட்டியது அப்படித்தான். பிறகு 1930-களில் டென்மார்க்கின் ஹேகடோர்ன், ஆண் மீனின் விந்திலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்து, அது மெதுவாகக் கரையும்படி செய்தார். இன்று நம் ஊரில் பலர் காலையும் இரவும் போட்டுக்கொள்ளும் 30/70 கலவை இன்சுலின் பால்போலக் கலங்கியிருப்பதற்கு அந்தப் புரோட்டமின்தான் காரணம். வைத்த இடத்திலேயே இருந்தால் அது அடியில் படிந்துவிடும். அதனால்தான் போடும் முன் உருட்டிக் கலக்கச் சொல்கிறார்கள்.

பயத்தில் இரண்டு ரகம்

ஊசியைக் கண்டால் பெரும்பாலானவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். இது சாதாரணப் பதற்றம். உடம்பு வலியை எதிர்பார்த்துத் தயாராகிறது. எதிர்பார்த்த அளவு வலி வராமல் போனால் மூளை தன் கணிப்பைத் திருத்திக்கொள்ளும். நாலைந்து தடவை அப்படி நடந்துவிட்டால் படபடப்பு தானாக அடங்கும். இதற்கு மருந்து, தள்ளிப்போடாமல் போட்டுக்கொள்வதுதான். வேறு யாரையாவது போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டால் அந்தத் திருத்தம் நடக்காது. போட்டது தன் கை, பார்த்தது தன் கண் என்று இருந்தால் சீக்கிரம் நடக்கும்.

இன்னொரு ரகம் உண்டு. ஊசியையோ ரத்தத்தையோ கண்டால் மயங்கி விழுபவர்கள். நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு இந்தத் தீவிரப் பயம் இருக்கிறது. குடும்ப வழியிலும் வருகிறது. இவர்களுக்கு முதலில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், பிறகு திடீரென்று இரண்டும் சரியும். மூளைக்கு ரத்தம் குறைந்து கண் இருட்டும். இது கோழைத்தனம் இல்லை. வேகஸ் நரம்பின் வேலை.

முதல் ரகத்தாரிடம் "உடம்பைத் தளர விடுங்க, மூச்சை மெதுவா விடுங்க" என்று சொன்னால் உதவும். இரண்டாம் ரகத்தாரிடம் அதையே சொன்னால் ஏற்கெனவே சரியும் அழுத்தம் இன்னும் சரியும். சுவீடனின் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1987-ல் இவர்களுக்கு நேர்மாறான பயிற்சியைச் சோதித்துக் காட்டினார். உட்கார்ந்தபடி கை, கால், மார்புத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்க வேண்டும். முகத்தில் சூடு ஏறுவது தெரியும். பிறகு 20, 30 விநாடி இயல்பு நிலைக்கு விட வேண்டும், முழுதாகத் தளரக் கூடாது. இப்படி ஐந்து தடவை. ரத்த அழுத்தம் ஏறுவதால் மயக்கம் தடுக்கப்படுகிறது. சில நாள் ஊசியில்லாமல் பழகிவிட்டு, பிறகு ஊசியைப் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு குத்தும்போது (குத்தும் இடத்துத் தசையை மட்டும் தளர விட்டு) செய்யலாம். மயங்கும் வழக்கம் இருப்பவர் முதல் சில ஊசிகளைப் படுத்தபடியோ சாய்ந்தபடியோ போட்டுக்கொள்வது நல்லது.

பயத்தை அளக்க ஊசியையும் அளந்து பார்க்கலாம். இன்றைய பேனா வடிவ இன்சுலின் பென்னில் மாட்டும் மெல்லிய ஊசி ஒன்றின் தடிமன் 0.23 மில்லிமீட்டர், நீளம் 4 மில்லிமீட்டர். தோலின் தடிமனோ ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் பெரிய வித்தியாசமில்லை; வயிறு, தொடை, கை எங்கு அளந்தாலும் சராசரியாக 2 முதல் 2.5 மில்லிமீட்டர். ஆகவே 4 மில்லிமீட்டர் ஊசி தோலைத் தாண்டும், தசையைத் தொடாது. நடுவில் உள்ள கொழுப்பில் போய் நிற்கும். வலி நரம்பு நுனிகள் தோலில்தான் நெருக்கம், கொழுப்பில் குறைவு. தோலைக் கடக்கும் அந்த ஒரு கணத்தை வேகமாகக் கடந்துவிட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. தயங்கித் தயங்கி அழுத்தினால்தான் தெரியும். விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்க்கிறோமே, அதுதான் இதைவிட அதிகம் வலிக்கும்; விரல் நுனியில் நரம்புகள் அத்தனை நெருக்கம்.

காலை ஏழு மணி, கோட்டுச்சேரியில் ஒரு வீடு

முறையைச் சொல்ல ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஓய்வுபெற்ற வாத்தியார், பென் வாங்கி இரண்டாம் நாள். பக்கத்தில் மருமகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னதைக் கூடவே நின்று கேட்டவர்.

பென் நேற்றிரவே பிரிட்ஜிலிருந்து வெளியே வந்துவிட்டது; குளிர்ந்த மருந்து எரியும். கையைக் கழுவியாயிற்று. கலவை இன்சுலின் என்பதால் பென்னை இரு உள்ளங்கைக்கு நடுவே பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்துகிறார். குலுக்கவில்லை, குலுக்கினால் நுரைக்கும். உள்ளே ஒரே சீராகப் பால் நிறம். புது ஊசியைத் திருகி மாட்டி, இரண்டு மூடிகளையும் கழற்றி, பென்னை மேல்நோக்கிப் பிடித்து 2 யூனிட் வைத்து அழுத்துகிறார். நுனியில் ஒரு சொட்டு வந்தது. வராவிட்டால் மறுபடி செய்திருக்க வேண்டும். உள்ளே காற்று இருந்தால் அளவு தப்பும். பிறகுதான் தன் அளவைத் திருப்பி வைக்கிறார்.

வேட்டியைச் சற்று இறக்கி, தொப்புளிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி இடம் பார்க்கிறார். குளித்த உடம்பு சுத்தமாக இருந்தால் ஸ்பிரிட் தேவையில்லை. தடவினால் காய விட வேண்டும், ஈரத்தோடு குத்தினால் அதுவே எரியும். முடிக்காலைத் தவிர்த்து, பென்னை நேர்செங்குத்தாக ஒரே மூச்சில் குத்தி, பட்டனை அடிவரை அழுத்துகிறார். எடுக்கப் போன கையை மருமகள் நிறுத்துகிறார்.

"மாமா, பத்து எண்ணுங்க. உடனே எடுத்தா மருந்து வெளிய வந்துடும்."

பத்து எண்ணி எடுத்தார். தேய்க்கவில்லை. தேய்த்தாலும் ஒத்தடம் கொடுத்தாலும் ரத்த ஓட்டம் கூடி மருந்து சீக்கிரம் உறிஞ்சப்படும். காலைச் சாப்பாடு அரை மணி கழித்து. குப்பிக்குள் இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாகத்தோடு ஆறு ஆறாகக் கூடி நிற்கும். கொழுப்புக்குள் போய், ஒவ்வொன்றாகப் பிரிந்தால்தான் ரத்தக் குழாய்ச் சுவரைத் தாண்ட முடியும். பழைய வகை மனித இன்சுலினுக்கு அந்த அரை மணி அதற்காகவே. இந்தக் கூட்டம் சட்டென்று பிரியும்படி இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றிய லிஸ்ப்ரோ என்ற இன்சுலின் 1996-ல் வந்தது. அந்த வகை போடுபவர் சாப்பாட்டுக்குச் சற்று முன்பே போட்டுக்கொள்ளலாம். தன்னுடையது எந்த வகை என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பென் இல்லாமல் குப்பியும் சிரிஞ்சும் பயன்படுத்துபவர் பலர். செலவு குறைவு. அவர்களுக்கு ஒரு ஆபத்து தனியாக இருக்கிறது. நம் நாட்டில் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பென்னில் வருவது 100 யூனிட். அதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். மாறாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் 20 வரை இழுத்தால் போவது 8 யூனிட்தான். மருந்துக்கடையில் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சிரிஞ்சு கேளுங்கள். இரண்டிலும் உள்ள எண் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். சிரிஞ்சு ஊசி 6 அல்லது 8 மில்லிமீட்டர் நீளம் என்பதால் தோலை இரு விரலால் தூக்கிப் பிடித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் தசையில் இறங்கி மருந்து அவசரமாக வேலை செய்யும்.

வலிக்காத இடம்

இப்போது சொல்ல வந்த விஷயம். மூன்று மாதம், ஆறு மாதம் ஆகிவிட்டது. பயம் போய்விட்டது. தொப்புளுக்கு வலப்பக்கம் ஓர் இடம் கைக்குப் பழகிவிட்டது. அங்கே குத்தினால் ஒன்றுமே தெரிவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். மனசு சொல்கிறது: இதுதான் என் இடம்.

அந்த இடத்தைச் சோப்பு நுரையோடு விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர்போல ஒரு கெட்டிப்பு, சில சமயம் வெளியே தெரியும் மேடு. இன்சுலினுக்கு இன்னொரு குணம் உண்டு. அது கொழுப்பை வளர்க்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கும் இன்சுலின் அங்குள்ள கொழுப்புச் செல்களைப் பருக்க வைக்கிறது. கூடவே குத்துக் காயங்கள் நார்த் திசுவாக ஆறுகின்றன. உணர்ச்சி மங்குகிறது. வலிக்காததன் காரணம் அதுதான். வலிக்காததால் மறுபடி அங்கேயே குத்துகிறோம்; மேடு வளர்கிறது.

அந்த மேட்டில் போட்ட மருந்து, தூர்ந்த வாய்க்காலில் விட்ட தண்ணீர் மாதிரி: ஒரு நாள் தேங்கி நிற்கும், ஒரு நாள் உடைத்துக்கொண்டு பாயும். சர்க்கரை ஏறுகிறது என்று மருத்துவர் யூனிட்டைக் கூட்டுவார். கூட்டிய மருந்து ஒரு நாள் மொத்தமாக உள்ளே போகும். அன்று நடுச்சாமத்தில் வியர்த்துக் கொட்டும். ஸ்பெயினில் இன்சுலின் போடும் 430 பேரைத் தொட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. 64.4 விழுக்காட்டினருக்கு மேடு இருந்தது. காரணம் தெரியாமல் சர்க்கரை இறங்குவது மேடு உள்ளவர்களில் 39.1 விழுக்காட்டினருக்கு; இல்லாதவர்களில் 5.9 விழுக்காட்டினருக்கு மட்டுமே. மேடு உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 56 யூனிட் போட்டார்கள், மற்றவர்கள் 41. வீணாகும் அந்த 15 யூனிட்டுக்கும் சேர்த்துத்தான் மருந்துக்கடையில் காசு கொடுக்கிறோம்.

மருந்தில்லாத வைத்தியம் இதற்கு உண்டு: இடம் மாற்றுவது. வயிற்றை நான்காகப் பிரித்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு பகுதி. அதே பகுதிக்குள் ஒவ்வொரு முறையும் முந்தைய குத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது, அதாவது ஒரு விரல் அகலமாவது தள்ளி. வயிற்றில் மருந்து சீக்கிரம் ஏறும், தொடையிலும் பிட்டத்திலும் மெதுவாக. அதனால் காலை வயிறு, இரவு தொடை என்று வேளைக்கு ஒரு பகுதியை வைத்துக்கொண்டால் கணக்குத் தப்பாது. ஊசியும் புதிதாக இருக்க வேண்டும். மெல்லிய முனை ஒரு குத்திலேயே வளையத் தொடங்கும். திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவர்களிடம் மேடுகள் அதிகம் காணப்படுகின்றன. காசு கருதி ஒரே ஊசியை ஒரு வாரம் ஓட்டுபவர்கள் வீணாகும் மருந்தின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மேட்டை விட்டு நல்ல தோலுக்கு மாறும் நாளில் அதே அளவைப் போடாதீர்கள். இதுவரை தேங்கிய மருந்து இப்போது முழுசாக உள்ளே போகும். எவ்வளவு குறைப்பது என்று மருத்துவரைக் கேட்டு, சில நாள் அடிக்கடி சர்க்கரை பார்த்து மாற வேண்டும். மேட்டுக்கு ஓய்வு கொடுத்தால் மாதக்கணக்கில் மெல்லக் கரையும்.

இதே நோய்க்கு வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற ஊசி மருந்துகள் இன்சுலின் அல்ல. ஆனால் அவற்றுக்கும் இடம், கோணம், மாற்றிப் போடும் முறை இதேதான்.

ஐஸ் பெட்டியும் மண்பானையும்

காரைக்கால் வெயிலில் மருந்தை எங்கே வைப்பது? பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. பிரிட்ஜின் நடுத்தட்டு போதும். பயன்படுத்தத் தொடங்கியதை வீட்டின் குளிர்ச்சியான மூலையில் சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். கென்யாவின் தகாகலே அகதி முகாமில் பிரிட்ஜ் இல்லாத வீடுகளின் வெப்பத்தை அளந்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021-ல் ஆய்வு வெளியிட்டன. 25-க்கும் 37-க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலின், குளிரில் வைத்ததற்குச் சமமாகவே வேலை செய்தது. ஆக, ஒரு மணி நேரம் கரண்ட் போனதற்கு மருந்தைக் குப்பையில் போட வேண்டியதில்லை. வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள் வைத்தால் வேறு கதை. அங்கே சூடு 37-ஐ எளிதில் தாண்டும்.

கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் பலர் ஈரமண் சூழ்ந்த பானைக்குள் மருந்தை வைப்பார்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் பானை குளிர்கிறது. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். கடலோர ஊரில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், பானை அதிகம் குளிராது. நிழலில் வைத்த பானை வெயிலிலிருந்து காக்கும், பிரிட்ஜுக்கு ஈடாகாது. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு மாத மருந்து, ஊசி, சர்க்கரை பார்க்கும் பட்டை ஆகியவற்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் எடுத்து வைப்பது இங்கே முன்யோசனை மட்டுமல்ல, தேவை.

படகில் நாள்கணக்கில் கடலில் தங்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் செய்யக்கூடாத ஒன்று: மருந்தை ஐஸ் பெட்டியில் மீனோடு புதைப்பது. சூட்டைத் தாங்கும் இன்சுலின் உறைவதைத் தாங்காது. உறைந்து இளகியது பார்வைக்குச் சரியாக இருந்தாலும் போடக்கூடாது. கலவை இன்சுலினில் கட்டிகள் மிதந்தால் சந்தேகமே வேண்டாம். துணியில் சுற்றி, மூடியிட்ட டப்பாவில், ஐஸைத் தொடாமல் வைக்க வேண்டும்.

சாப்பாடு தவறினால்

இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதுதான் சர்க்கரை இறங்குவதற்கு வழக்கமான காரணம். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பது, திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி வரிசையில் நிற்பது, ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் பவனி பார்த்துக்கொண்டே மதியத்தை மறப்பது எல்லாம் இதில் சேரும். உடம்பு நடுக்கம், குப்பென்று வியர்வை, திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம் தெரிந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கால் மணி கழித்துப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி அதே அளவு. மாங்கனி நாளில் ஒரு மாம்பழத் துண்டு தின்றதற்காக யாரையும் கேட்காமல் இரண்டு யூனிட் கூட்டிப் போடுவதும் தவறு. ரமலான் நோன்பு வைப்பவர்கள் மாதம் பிறப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து சஹர், இஃப்தார் நேரத்துக்குத் தக்க அளவுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். இன்சுலின் ஊசியாலும் விரலில் குத்திச் சோதிப்பதாலும் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. சர்க்கரை இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதிலும் அவர்கள் தெளிவாக இருக்கிறார்கள்.

போட்டு முடித்த ஊசியைக் குப்பையில் வீசினால் மறுநாள் அது தூய்மைப் பணியாளரின் கையில் ஏறும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு ஊசிகளை அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்தின. கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை இறுக்கி ஒட்டி, மருத்துவமனையில் கேட்டு ஒப்படைப்பதே சரி.

காரைக்காலில் இன்று அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மரின் கிளையாக மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. எங்கே போனாலும் கூட்டம். மருத்துவர் ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்த்து அளவை எழுதிக் கொடுக்கத்தான் நேரம் இருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றாமல் போகலாம். அதனால் கேட்க வேண்டியவர் நோயாளிதான். அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட்டை நீட்டிய கையோடு சட்டையையும் தூக்கிக் காட்டி, "நான் போடுற இடத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். உங்கள் யூனிட்டைக் கூட்ட வேண்டுமா, இடத்தை மாற்றினாலே போதுமா என்று அவர் முடிவெடுக்க அந்த அரை நிமிடம் உதவும்.